ரேஷன் க்யூவில் ஒரு டிகிரி!

'இந்த நாட்டைத் திருத்தவே முடியாது மச்சி!' - உங்கள் காலேஜ் கேன்டீனில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த டயலாக் விழுகிறது என்று எண்ணியிருக்கிறீர்களா? ரோடு சரியில்லை, பஸ் வரலை, ஸ்காலர்ஷிப் பணம் ஏறலை... எல்லாத்துக்கும் ஒரே ஃபுல் ஸ்டாப், 'திருத்தவே முடியாது!'

சரி, ஒரு சின்ன கேள்வி. எதைத் திருத்தணும்? யார் திருத்தணும்? அதுக்கு எவ்வளவு செலவாகும்? திருத்தினா யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

பெஞ்சில் சத்தம் கம்மியாகிடுச்சு இல்லையா? இந்த நாலு கேள்விக்கும் உட்கார்ந்து பதில் தேடுவதற்குப் பெயர்தான் 'பப்ளிக் பாலிசி'. பொதுக் கொள்கை. பெயரைக் கேட்டதும் கோட்டு, டை, கான்ஃபரன்ஸ் ஹால் எல்லாம் ஞாபகம் வருதா? அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் தெருமுனை வரைக்கும் போனால் போதும். அங்கே ஒரு கட்டடம் இருக்கும். வெளியே பைகள் வரிசையாக இடம் பிடித்திருக்கும். உள்ளே தராசு, மூட்டை, ஒரு கையடக்க மெஷின். ஆமாம், ரேஷன் கடைதான்!

இந்தியாவின் நிர்வாகச் சிக்கல்களில் முக்கால்வாசி அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள் அடங்கியிருக்கிறது. அதைத் தீர்க்க நடந்த பரிசோதனைகளும் அங்கேயே இருக்கின்றன. அந்த க்யூவில் கொஞ்சம் நின்று பார்ப்போமா?

அரிசி வரும் பாதை

அம்மா மஞ்சள் பையில் வாங்கிவரும் அந்த அரிசி எங்கிருந்து வருது? டெல்டா பக்கத்துப் பசங்களுக்குத் தெரிந்திருக்கும். அறுவடை முடிந்து நெல் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து அரவை ஆலை, அப்புறம் குடோன், அப்புறம் லாரி, கடைசியாகக் கடை. இதில் இந்திய உணவுக் கழகம், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், கூட்டுறவு சங்கம், வட்ட வழங்கல் அலுவலகம் என்று ஆளுக்கொரு கை. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது எங்கே தெரியுமா? நம்ம தஞ்சாவூரில்!

தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கும் அதிகமான குடும்ப அட்டைகள் இருக்கின்றன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள். பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவு சங்கங்கள். இத்தனை கை மாறி வரும் ஒரு பொருள், எந்தக் கையில் எவ்வளவு குறையும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நிர்வாகப் பாடத்தின் முதல் கேள்வி இதுதான். ஆனால், அதுக்கு முன்னாடி இன்னொரு பெரிய கேள்வி இருக்கு.

யாருக்குக் கொடுப்பது?

'பணக்காரனுக்கு எதுக்கு ரேஷன் அரிசி? ஏழைக்கு மட்டும் கொடுத்தா போதாதா?' - கேட்க நியாயமாகத்தானே இருக்கு? மத்திய அரசும் 1997-ல் அப்படித்தான் யோசித்தது. அதுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த ரேஷன், வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கீழே இருப்பவர்களுக்கு மலிவு விலை. மேலே இருப்பவர்களுக்கு விலையும் ஏறியது, ஒதுக்கீடும் போகப்போகச் சுருங்கியது.

சிக்கல் எங்கே வந்தது? கோட்டில்! யார் ஏழை என்று யார் முடிவு செய்வது? ஓட்டு வீடா, கூரை வீடா? டிவி இருந்தா ஏழை இல்லையா? போன வருஷம் வேலை இருந்தது, இந்த வருஷம் இல்லை என்றால்? பட்டியல் எடுக்க வந்த நாளில் வீட்டில் ஆள் இல்லை என்றால்?

பாலிசி படிப்பவர்கள் இதில் இரண்டு வகைப் பிழைகளைச் சொல்வார்கள். தேவைப்படாதவர் பட்டியலில் இருப்பது ஒன்று, சேர்ப்புப் பிழை. தேவைப்படுபவர் பட்டியலில் இல்லாமல் போவது இன்னொன்று, விடுபடல் பிழை. முதலாவதால் அரசுக்குப் பணம் நஷ்டம். இரண்டாவதால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டும் ஒரே எடை இல்லை பாருங்க! அதைவிட முக்கியம், ஒன்றைக் குறைக்க இறுக்கினால் மற்றது கூடிவிடும். வலைக்கண்ணைச் சின்னதாக்கினால் வேண்டாததும் மாட்டும். பெரிதாக்கினால் வேண்டியதும் நழுவும்.

அரசே இதை ஆராய்ந்தது. திட்டக் கமிஷனின் மதிப்பீட்டு அமைப்பு 2005-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மத்தியத் தொகுப்பிலிருந்து மானிய விலையில் போகும் தானியத்தில் சுமார் 58 சதவிகிதம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களைப் போய்ச் சேரவே இல்லை என்றது அது. ஏழைக்கு ஒரு ரூபாய் பலன் போய்ச் சேர அரசு செலவழித்தது 3 ரூபாய் 65 காசு!

சரி, தமிழ்நாடு என்ன செய்தது? இந்தப் பிரிவினையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இங்கே அரிசி அரசியலுக்குப் பழைய கதை உண்டு. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி எவ்வளவு பெரிய அலையாக இருந்தது என்று தாத்தாவிடம் கேளுங்கள். 1997-க்குப் பிறகும் இங்கே யார் வேண்டுமானாலும் கார்டு வாங்கலாம் என்ற நிலை தொடர்ந்தது. அரிசி வேண்டாம் என்பவர்கள் அவர்களாகவே சர்க்கரை கார்டுக்கு மாறிக்கொள்ளலாம். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும், எல்லோருக்கும் ரேஷன் என்பதை மாநிலம் விட்டுக்கொடுக்கவில்லை. மத்திய ஒதுக்கீட்டுக்கு மேல் ஆகும் செலவை மாநில பட்ஜெட்டே தாங்குகிறது.

'அப்ப நாமதான் கெத்து!' என்று காலரைத் தூக்கும் முன் ஒரு நிமிஷம். அதே 2005 அறிக்கை, சேர்ப்புப் பிழை அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாட்டையும் சேர்த்தே சொன்னது. வசதியானவர் வாங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருக்கக்கூடிய பணம் போகிறது என்பது ஒரு வாதம். 'வாத்தியாரும் கிளார்க்கும் நிற்கிற க்யூவில்தான் அரிசி சரியில்லைன்னா சத்தம் வரும். ஏழை மட்டுமே நிற்கிற க்யூவில் சத்தம் போட ஆளில்லை' என்பது எதிர்வாதம். இதில் நீங்க எந்தப் பக்கம்? விடை எழுதிப் பார்க்காமல் அடுத்த பத்திக்குப் போகாதீங்க!

மஞ்சள் லாரி மந்திரம்

திருட்டு எங்கே நடக்கிறது? 'கடைக்காரன்தான் திருடன்' என்று சொல்லிவிடுவது ஈஸி. சத்தீஸ்கர் வேறு மாதிரி யோசித்தது. 2000-ல் பிறந்த புது மாநிலம். ரேஷன் கடைகள் தனியார் டீலர்கள் கையில் இருந்தன. அரிசி வெளிமார்க்கெட்டுக்குப் போவது அன்றாடக் கதை.

2004-ல் அங்கே ஓர் உத்தரவு வந்தது. தனியாரிடமிருந்து கடைகள் எடுக்கப்பட்டு, பஞ்சாயத்து, மகளிர் சுயஉதவிக் குழு, கூட்டுறவு சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அடுத்த வேலை அதைவிட சுவாரஸ்யம். கடை நடத்துபவர்களுக்கான கமிஷன் உயர்த்தப்பட்டது!

'அட, திருடாதேன்னு சொல்லிட்டு காசை ஏத்திக் கொடுத்தாங்களா?' ஆமாம். கணக்கு எளிது. நேர்மையாக நடத்தினால் கடை வாடகைகூடத் தேறாது என்றால், எப்படிப்பட்ட ஆள் அந்தக் கடையை எடுத்து நடத்துவான்? நேர்மையாளன் கையைச் சுட்டுக்கொண்டு ஓடிப்போவான். மிச்சமிருப்பவன் எடையில் கை வைப்பான். ஒரு அமைப்பு திருட்டை நம்பித்தான் ஓடுகிறது என்றால், ஆளை மாற்றி என்ன பயன்?

குடோனிலிருந்து கடை வரைக்கும் அரிசியைக் கொண்டுபோகும் லாரிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். தூரத்தில் வரும்போதே ஊருக்குத் தெரியும், ரேஷன் அரிசி வருதென்று. அந்த லாரி வேறு பாதையில் போனாலும் தெரியும்! லாரி கிளம்பியதும் பதிவு செய்தவர்களின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். போனது. 2007-ல் கார்டு வைத்திருப்போர் எண்ணிக்கையும் பெரிய அளவில் விரிவாக்கப்பட்டது. கார்டு கிடைத்தவர்கள் அதிகமானார்கள். 'என் அரிசி எங்கே?' என்று கேட்பவர்களும் அதிகமானார்கள்.

பெயின்ட் டப்பாவும் எஸ்.எம்.எஸ்ஸும் பெரிய டெக்னாலஜியா என்ன? இல்லை. ஆனால், எந்த இடத்தில் ஓட்டை, அங்கே யாருடைய கண் இருக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் கண்டுபிடித்த விடை அது. ஒரு காலத்தில் மோசத்துக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட மாநிலத்தை, சில வருஷங்களில் மற்ற மாநிலத்து அதிகாரிகள் பார்க்க வர ஆரம்பித்தார்கள்.

விரல் வைத்தால் வேலை முடியுமா?

இப்போது கதைக்குள் மெஷின் வருகிறது. தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு கொடுக்கத் தொடங்கினார்கள். 2020 அக்டோபரில் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. போலி கார்டு ஒழியும், ஒருவர் பொருளை இன்னொருவர் தூக்க முடியாது என்பது இதன் லாபம். மறுக்க முடியாது.

ஆனால், நாற்று நட்டே தேய்ந்த விரல், சுண்ணாம்பும் சிமென்டும் கலந்த விரல், எழுபது வயது விரல்... இவை மெஷினுக்குப் புரியாத விரல்கள். சர்வர் தூங்கிவிட்டால் எல்லா விரலும் ஒன்றுதான். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர் 'நாளைக்கு வாங்க' என்ற பதிலோடு திரும்புவதற்கு எந்த ரசீதும் இல்லை.

இங்கே இரண்டு ஆராய்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் செய்தது கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட அதே பொருளாதார ஆய்வாளர்கள் குழு.

முதலாவது, ஆந்திரா - தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரா. நூறு நாள் வேலைத் திட்டக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் விரல்ரேகை ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுத்தார்கள். 2016-ல் வெளியான முடிவு: கூலி சீக்கிரம் கைக்கு வந்தது, நடுவில் காணாமல் போகும் பணம் குறைந்தது. சூப்பர்!

இரண்டாவது, ஜார்கண்ட். ரேஷன் வாங்க ஆதார் விரல்ரேகை கட்டாயம் என்று ஆக்கினார்கள். 2020-ல் வெளியான முடிவு: அந்தக் கட்டாயத்தால் மட்டும் திருட்டு குறைந்துவிடவில்லை. ஆதாரை கார்டோடு இணைக்காமல் இருந்த குடும்பங்களுக்குக் கிடைத்து வந்த பொருள் குறைந்தது. ஒரு பகுதியினருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போனது. அப்புறம் பழைய இருப்பைக் கணக்கில் கழித்து ஒதுக்கீட்டைக் குறைத்தபோது திருட்டு குறைந்தது. ஆனால் அந்த அடியில் ஒரு பங்கு உண்மையான பயனாளி தலையிலும் விழுந்தது.

அதே நாடு, அதே மாதிரி மெஷின், அதே விரல். முடிவு ஏன் தலைகீழ்? ஆந்திராவில் கார்டு வாங்காதவர்களுக்கும் பழைய முறையில் பணம் தொடர்ந்தது. வேலை சுலபமாக வேண்டும் என்பதே அங்கே குறி. ஜார்கண்டில் யாரைத் தடுக்கலாம் என்பது குறி. மெஷினை யாருக்காக மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்ஜினீயரிங் பசங்க கவனிக்க: கோடிங் சரியாக இருந்தாலும் பாலிசி தப்பாக இருக்கலாம்!

அதனால்தான் மாற்று வழி முக்கியம். வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் தங்களுக்குப் பதில் வேறொருவர் வாங்க அத்தாட்சி எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோகும் 'தாயுமானவர்' திட்டமும் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. உங்கள் தெருவில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? திட்டம் இருப்பது ஒரு விஷயம், தெரிந்திருப்பது வேறு விஷயம்.

அரிசியா... பணமா?

'இத்தனை தலைவலி எதுக்கு? குடோன், லாரி, தராசு எல்லாத்தையும் மூடிட்டு, பணத்தை அக்கவுன்ட்ல போட்டா முடிஞ்சது!' என்று ஒரு கோஷ்டி சொல்லும். டிபேட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடையாது.

இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பாண்டிச்சேரிக்கு பஸ் பிடித்தால் போதும்! 2015-ல் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கியது. என்ன நடந்தது?

பணம் பக்கம் பேசினால்: எடை குறையாது, கல் கலக்காது, க்யூ இல்லை. பிடித்த கடையில் பிடித்த அரிசி வாங்கலாம். எதிர்ப்பக்கம் பேசினால்: பணம் ஏறியதா இல்லையா என்று தெரிந்துகொள்வதே பாடு. பாங்க்குக்கு அலைய வேண்டும். மார்க்கெட்டில் விலை ஏறினால் அதே பணத்துக்குக் கிடைக்கும் அரிசி குறையும். ரேஷன் அரிசியை யாரும் டாஸ்மாக்கில் மாற்ற முடியாது, பணத்தை மாற்றலாம் என்பது பல பெண்களின் கவலை.

புதுச்சேரியில் மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில் மறுபடி திறந்தன. இடைப்பட்ட வருஷங்களில் அரிசியா, பணமா என்பது அங்கே ஆளுநர் மாளிகை வரைக்கும் போன சண்டை. அப்படியானால் பணம் கொடுப்பது தோல்வியா? அப்படி ஒரே வரியில் முடிக்க முடியாது. பாங்க் பக்கத்தில் இருக்கிற நகரத்து இளைஞனுக்குப் பணம் வசதி. பஸ் போகாத மலைக்கிராமத்துப் பாட்டிக்கு அரிசி வசதி. 'எது சிறந்தது?' என்று கேட்பதைவிட 'எங்கே, யாருக்கு, எது சிறந்தது?' என்று கேட்பதுதான் நல்ல கேள்வி.

ஊர் மாறினால் பேர் போகுமா?

திருப்பூர் பனியன் கம்பெனியில், சென்னை கட்டட வேலையில், கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் எத்தனை வெளிமாநிலத் தொழிலாளர்கள்! அவர்கள் கார்டு பீகாரில். பசி இங்கே. 2020 ஊரடங்கில் அவர்கள் நடந்தே ஊர் திரும்பியதை நாடே பார்த்தது.

'ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு' இதற்கான விடையாக வந்தது. 2019 ஆகஸ்ட்டில் ஆந்திரா - தெலங்கானா, குஜராத் - மகாராஷ்டிரா என்று ஜோடி ஜோடியாகத் தொடங்கி, 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31-க்குள் செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. 2022 ஜூனில் கடைசியாக அசாம் சேர்ந்தது.

காகிதத்தில் பிரச்னை முடிந்தது. களத்தில்? தமிழ் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து, தனக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்து, கேட்டு, அந்தக் கடையில் கூடுதல் ஸ்டாக்கும் இருந்தால்தான் அரிசி. இதில் எந்தப் படியில் ஆள் வழுக்கி விழுகிறார் என்று கண்டுபிடிப்பது ஒரு அருமையான புராஜெக்ட்.

இன்னொரு கணக்கு. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவிகிதம், நகரத்தில் 50 சதவிகிதம் பேரை உள்ளே சேர்த்தது. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எந்த மக்கள்தொகையில்? 2011 கணக்கெடுப்பில் வந்த 121 கோடியில். அதனால் சுமார் 81 கோடி பேர். நாடு 140 கோடியைத் தாண்டிவிட்டது. அதே விகிதத்தைப் போட்டால் 93 கோடிக்கு மேல் வரும். நடுவில் உள்ள 12 கோடி? 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டது. சென்சஸ் என்பது போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நம்பர் என்று நினைத்தீர்களா? அது தாமதமானால் ஒரு குழந்தையின் தட்டில் ஐந்து கிலோ குறையும்!

களத்தில் இறங்குவோமா?

தியரி போதும். அடுத்த சனிக்கிழமை உங்கள் கேங்கோடு செய்து பாருங்கள். என்.எஸ்.எஸ். கேம்ப்பில் மரம் நடுவதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

* போர்டைப் படியுங்கள்: கடை வாசலில் இருப்புப் பலகை இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது? பல நாள் அழிக்காத போர்டும் ஒரு தகவல்தான்.

* சேல்ஸ்மேனோடு பேசுங்கள்: அவர் வில்லன் இல்லை. மூட்டையில் எடை குறைந்து வந்தால் யார் பொறுப்பு? சம்பளம் எவ்வளவு? ஒரே ஆள் எத்தனை கடை பார்க்கிறார்? அவர் பக்கத்துக் கதையைக் கேட்காமல் எழுதும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

* வராதவர்களைத் தேடுங்கள்: க்யூவில் நிற்பவர்களிடம் மட்டும் பேசினால், கிடைத்தவர்களின் கதை மட்டும்தான் கிடைக்கும். நரிக்குறவர் குடியிருப்பு, தனியாக இருக்கும் முதியவர், வாடகை வீட்டில் முகவரிச் சான்று இல்லாத குடும்பம், வெளிமாநிலத் தொழிலாளர்... இவர்களிடம் போங்கள். அனுமதி கேட்டுப் பேசுங்கள். பெயர், கார்டு நம்பர் எதையும் குறிக்காதீர்கள். உங்கள் புராஜெக்ட்டால் அவர்களுக்குச் சிக்கல் வரக் கூடாது.

* மனு போடுங்கள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஊழல் நடக்கிறதா?' என்று கேட்காதீர்கள், பதில் வராது. 'குறிப்பிட்ட மூன்று மாதங்களில் இந்தக் கடைக்கு வந்த அரிசி எத்தனை கிலோ, விநியோகித்தது எத்தனை கிலோ, இருப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். கேள்வி எவ்வளவு கூர்மையோ, பதில் அவ்வளவு கூர்மை.

* கிராம சபைக்குப் போங்கள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் சேர்ந்தன. பதினெட்டு வயது ஆகி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் ஒரு உறுப்பினர். ரேஷன் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நடந்ததா என்று அங்கே எழுந்து கேளுங்கள்.

ஒரே பக்கம் போதும்!

தகவல் சேர்ந்துவிட்டது. இப்போது நாற்பது பக்க ரிப்போர்ட் அடித்து ஸ்பைரல் பைண்டிங் போட்டால் யார் படிப்பார்கள்? நேரமில்லாத ஒரு அதிகாரி, டீ ஆறுவதற்குள் படித்து முடிக்கும்படி ஒரே பக்கம். அதில் ஐந்து விஷயம்.

ஒன்று, பிரச்னை: 'ரேஷன் சரியில்லை' என்று எழுதாதீர்கள். 'எங்கள் கடையில் பேசிய முதியவர்களில் இத்தனை பேர் விரல்ரேகை பதியாமல் ஒரு தடவையாவது திரும்பிப் போனார்கள்' என்று எழுதுங்கள்.

இரண்டு, காரணம்: மெஷின் கோளாறா, நெட்வொர்க்கா, மாற்று வழி இருப்பது தெரியாததா? மூன்றும் வேறு வேறு நோய். ஒரே மாத்திரை வேலை செய்யாது.

மூன்று, வழிகள்: குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. 'ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்?' என்பதும் ஒரு வழிதான், அதையும் எழுதுங்கள்.

நான்கு, செலவும் வலியும்: ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு பணம், எத்தனை ஆள்? யாருக்குக் கூடுதல் வேலை? சேல்ஸ்மேனுக்கு இன்னொரு ரிஜிஸ்டர் எழுதும் வேலையை வைத்தால், அவர் அதை எழுதுவாரா, நிரப்புவாரா?

ஐந்து, சிபாரிசு: யார், எப்போது, என்ன செய்ய வேண்டும். 'அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். 'வட்ட வழங்கல் அலுவலர், மாதந்தோறும் நடக்கும் குறைதீர் முகாமில் அத்தாட்சிப் படிவங்களை அங்கேயே கொடுத்து வாங்கலாம்' என்றால், குறைந்தபட்சம் அந்த அதிகாரிக்குத் தன் பெயர் கூப்பிடப்பட்டது தெரியும்.

ஒரு பக்க மனுவுக்கு அவ்வளவு சக்தி இருக்கா என்று சந்தேகமா? 2001-ல் நாட்டின் குடோன்களில் தானியம் ஐந்து கோடி டன்னைத் தாண்டி அழுகிக்கொண்டிருந்தது. அதே நேரம் ராஜஸ்தானில் வறட்சி, பட்டினி. மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் கேட்டது ஒரே கேள்விதான்: தானியம் அங்கே இருக்கு, பசி இங்கே இருக்கு, ஏன்? அந்த வருஷம் நவம்பர் 28-ம் தேதி வந்த உத்தரவு, நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் காமராஜர் காலத்திலிருந்தே பார்த்துப் பழகிய தட்டு, மற்ற மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. 2013 சட்டத்துக்கும் அந்த வழக்கிலிருந்து ஒரு பாதை போகிறது.

எங்கே படிக்கலாம்?

இதையே படிப்பாக எடுக்க ஆசையா? எந்த டிகிரி முடித்தவர்களுக்கும் வழி இருக்கிறது.

* பெங்களூரு நேஷனல் லா ஸ்கூல் 2014 முதல் பொதுக் கொள்கையில் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

* பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆகிய இடங்களில் வளர்ச்சி, கொள்கை சார்ந்த முதுநிலைப் படிப்புகள் உண்டு.

* சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு, மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில்.

* படிப்போடு வேலையும் பார்க்க வேண்டுமா? எம்.பி. ஒருவரோடு சேர்ந்து நாடாளுமன்ற வேலை பார்க்கும் 'லேம்ப்' ஃபெல்லோஷிப்பை பி.ஆர்.எஸ். அமைப்பு 2010-ல் தொடங்கியது. தமிழக அரசு 2022-ல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவிப்பு, தகுதி, கட்டணம் எல்லாவற்றையும் அந்தந்த இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். பாலிசி படித்தால் நாட்டை ஒரே நாளில் திருத்தும் மந்திரம் கிடைக்காது. சொல்லப்போனால், முன்பு ரொம்ப ஈஸியாகத் தெரிந்ததெல்லாம் சிக்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆனால், அடுத்த தடவை கேன்டீன் பெஞ்சில் யாராவது 'திருத்தவே முடியாது மச்சி' என்றால், உங்களால் ஒரு கேள்வி கேட்க முடியும்: 'எதை மச்சி? எந்தப் படியில்?'

அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றால், இந்த மாசம் வீட்டில் அம்மாவிடமிருந்து அந்த மஞ்சள் பையை நீங்க வாங்கிக்கோங்க. க்யூ கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அதுதான் கிளாஸ் ரூம்!